கவலை யாருடைய வேலை?

பத்து மாதக் குழந்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மிக்ஸி ஓடினால் அலறுகிறது. அம்மா வேலை முடிந்து வந்து நின்றால் முகத்தில் மலர்ச்சி இல்லை. கையில் கிடைத்த டப்பா மூடியை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குழந்தையின் தாய் இதையெல்லாம் சில வாரங்களாகக் கவனிக்கிறாள். ஒருநாள் வீட்டில் சொல்கிறாள்.

கோவையிலோ பொள்ளாச்சியிலோ கோபியிலோ அவளுக்குக் கிடைக்கும் பதில்கள் நம்மில் பலருக்கு மனப்பாடம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி, இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்பார் மாமியார். “போனைப் பாத்துப் பாத்து நீயா எதையாச்சும் நெனச்சுக்காத” என்பான் கணவன். “பசங்கன்னா கொஞ்சம் லேட்டாத்தானுங்க்கா பேசுவாங்க” என்பாள் பக்கத்து வீட்டுப் பெண். “பெத்தவளே புள்ளையக் கொறை சொல்லலாமா?” என்று அவளைப் பெற்ற தாயே கேட்பார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அதே வீட்டில் கேள்வி மாறிவிடும். “நாள் முழுக்க கூடவே இருந்தவ நீதானே? நீ பாக்கலையா?”

முதலில் பார்த்தது குற்றமாக இருந்தது. இப்போது பார்க்காதது குற்றம். குழந்தையைப் பற்றிக் கவலைப்படுவதைப் பெண்ணின் வேலையாக ஒப்படைத்த சமூகம், அந்தக் கவலைக்குள் இருக்கும் அறிவை மட்டும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள மறுக்கிறது. இதைக் குடும்பத்துக்குள் நடக்கும் சின்ன மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது அதை நம்புவதா, தள்ளுவதா என்பதை அவர் யார் என்பதை வைத்து முடிவு செய்வது ஓர் அநீதி. மிராண்டா ஃபிரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், சாட்சி சொல்பவருக்கு இழைக்கப்படும் இந்த அநீதிக்குத் தனிப் பெயரே கொடுத்தார். நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் பெண்கள் சந்திக்கும் அதே அநீதி, தொட்டிலுக்குப் பக்கத்திலும் நடக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியில் தாய் மட்டும் இல்லை. குழந்தையும் இருக்கிறது. தன்னைப் பார்த்துத் தாய் கவலைப்படுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகமா? இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எது தெரியும், எது தெரியாது

முதலில் கவலையின் எல்லையை நேர்மையாகச் சொல்லிவிடலாம். மூன்று மாதக் குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பொருள் ஏதும் இல்லை. அசைவும் வெளிச்சமும் அந்த வயதுக் கண்களை இழுக்கும். ஒரு நாள் சிரிக்கவில்லை, இரண்டு நாள் கண்ணைப் பார்க்கவில்லை என்பதும் அப்படித்தான். கைக்குழந்தையிடம் தனியொரு அறிகுறியை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது.

அறிகுறிகள் சேர்ந்து வரும்போதுதான் அவற்றுக்கு எடை கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஆறு முதல் எட்டு வாரங்களில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகின்றன. ஒன்பது மாதத்தை ஒட்டித் தம் பெயருக்குத் திரும்புகின்றன. ஓராண்டை ஒட்டி டாட்டா காட்டுகின்றன. அதற்கடுத்த சில மாதங்களில், வேண்டியதை விரலால் சுட்டுகின்றன. பிறகு வேண்டாததையும், “அங்கே பார்” என்று நமக்குக் காட்டுவதற்காகவே சுட்டுகின்றன. இவற்றில் பல ஒன்றாகத் தள்ளிப்போனாலோ, வந்த சொற்களும் சைகைகளும் திரும்ப மறைந்துபோனாலோ, காட்டிக் கேட்பது நல்லது. பொதுவாகப் பயன்படும் எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல்கூட 16 மாதம் முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. ஆட்டிசம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறத்தாழ இரண்டு வயதாக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே வீடு இருக்கும். நாள் முழுக்கத் தறிச்சத்தம் கேட்கும் வீட்டில், கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைச் சத்தத்துக்குப் பழகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்பதைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனைகளைக் கைக்குழந்தைக்கே செய்ய முடியும். இரண்டுக்கும் வழி வெவ்வேறு. இரண்டிலும் தாமதம் குழந்தைக்குத்தான் இழப்பு.

2013இல் வாரன் ஜோன்ஸ், ஆமி கிளின் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் பிறந்த புதிதில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தன என்றும், இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் அந்தப் பார்வை மெல்லக் குறைந்தது என்றும் காட்டியது. கருவிகளால் அளந்தபோதுதான் தெரிந்த அளவுக்கு நுட்பமான மாற்றம் அது. நாள்தோறும் குழந்தையின் முகத்துக்கு எதிரே இருப்பவர் “ஏதோ மாறியிருக்கு” என்று உணர்வதை வெறும் மனப்பிரமை என்று தள்ளுவதற்கு முன் நாம் கொஞ்சம் தயங்க வேண்டும்.

சில தாய்மார்களின் கவலை குழந்தையைப் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு வரும் பதற்றமும் மனச்சோர்வும் உண்மையான நோய்கள். அந்தப் பெண்ணுக்கும் உதவி தேவை. “சும்மா இரு” என்ற சொல் இரண்டு பேரில் யாருக்கும் மருந்து கிடையாது.

பிள்ளைத்தமிழில் ஓர் அட்டவணை

குழந்தையை மாதக் கணக்கில் பார்ப்பது வெளிநாட்டுப் பழக்கம், அதனால்தான் இந்தக் காலத்துப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று சொல்பவர்களுக்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. பாட்டியல் நூல்கள் சொல்லும் ஒரு கணக்கின்படி மூன்றாம் மாதத்தில் காப்பு தொடங்கி, ஒற்றைப்படை மாதங்களாக 21ஆம் மாதம் வரை அது போகிறது. ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஏழாம் மாதம் தால். ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி. பதினொன்றில் முத்தம் கேட்பது. பதின்மூன்றில் வருகை, அதாவது கூப்பிட்டால் வருவது. பதினைந்தில் அம்புலி, நிலாவைக் காட்டுவது.

சப்பாணி முதல் அம்புலி வரையிலான நான்கையும் இன்றைய குழந்தை மருத்துவரின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நாம் கைதட்டினால் பார்த்துத் தட்டுவது, கேட்டால் முத்தம் தருவது, அழைத்தால் வருவது, நாம் காட்டும் இடத்தைப் பார்ப்பது. ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளைத் தேடும் மருத்துவர் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஒரே பொருளைக் குழந்தையும் தாயும் சேர்ந்து பார்ப்பதை இன்றைய உளவியல் பெரிதாகப் பேசுகிறது. நம் பாட்டிகள் மொட்டை மாடியில் சோற்றுக் கிண்ணத்தோடு நின்று தினமும் அதைச் செய்து பார்த்தார்கள்.

ஆனால் பிள்ளைத்தமிழில் ஒரு வசதி இருக்கிறது. தாயின் குரலில் பாடியவர்கள் பெரும்பாலும் ஆண் புலவர்கள். பாட்டுடைத் தலைவர்கள் தெய்வங்கள், அரசர்கள். அந்தக் குழந்தை ஒருபோதும் கைகொட்டாமல் இருப்பதில்லை. அம்புலிப் பருவத்தில் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழியிலும் நிலாவைத்தான் அழைப்பார்கள். வராமல் முரண்டு பிடிப்பது நிலா. குழந்தை நிலாவைப் பார்க்கவே இல்லை என்றால் தாய் என்ன பாடுவாள் என்பதற்கு அங்கே ஒரு பருவம் இல்லை.

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரே ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது வழிவழியாக வரும் கதை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றார்கள், முருகன் அருளால் பேச்சு வந்தது என்று அது முடியும். அவருக்கு என்ன இருந்தது என்று இன்று பெயர் வைப்பது என் நோக்கம் இல்லை. பேச்சு தாமதமான குழந்தையின் தாய்க்கு இந்தக் கதையை ஆறுதலாகச் சொல்வார்கள். மருதமலைக்கோ பழனிக்கோ வேண்டிக்கொள்ளவும் சொல்வார்கள். வேண்டுதலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கதையைச் சரியாகக் கேட்க வேண்டும். அதில் வரும் தாயும் தகப்பனும் “தானா பேசிடும்” என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. குழந்தை பேசவில்லை என்று கண்டார்கள், அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டார்கள், இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். காத்திருக்கச் சொல்வதற்கு நாம் பயன்படுத்தும் கதை, உண்மையில் காத்திருக்காதவர்களின் கதை.

பார்த்தவர்கள் குற்றவாளிகள் ஆன வரலாறு

ஆட்டிசத்தின் வரலாறு பெற்றோரின், குறிப்பாகத் தாய்மாரின், கவனிப்பின் மேல் எழுந்தது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அவருக்கு முன்பே, 1925இல், க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் மாஸ்கோவில் ஆறு சிறுவர்களைப் பற்றி இதே போன்ற விவரங்களை எழுதியிருந்தார். அவர் பெயர் பல பத்தாண்டுகள் பேசப்படவே இல்லை.

கானரின் கட்டுரைக்கு உயிர் கொடுத்தது வீடுகளிலிருந்து வந்த குறிப்புகள். முதல் குழந்தையான டொனால்டின் தந்தை தட்டச்சு செய்து அனுப்பிய நீண்ட கடிதமும், தாய் எழுதிய கடிதங்களும் இல்லாமல் அந்தக் கட்டுரை இல்லை. குழந்தை எப்போது என்ன சொன்னது, எதைச் சுற்றியது, எதற்கு அழுதது என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அதே கட்டுரையில் கானர், இத்தனை நுணுக்கமாகக் குறிப்பெடுக்கும் பழக்கத்தையே அந்தப் பெற்றோரின் இயல்பைப் பற்றிய சந்தேகமாகத் திருப்பினார். இவர்களில் உண்மையான பாசமுள்ளவர்கள் குறைவு என்ற தொனியில் எழுதினார். 1949இல், இந்தக் குழந்தைகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது போல வளர்ந்தவர்கள் என்ற உவமையைப் பயன்படுத்தினார். அதிலிருந்து “ஃபிரிட்ஜ் அம்மா” என்ற வசை உலகம் முழுக்கப் பரவியது.

பெற்றோர் பார்த்து எழுதியது அறிவியலுக்கு ஆதாரம் ஆனது. அதே எழுத்து அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆனது. 1967இல் புருனோ பெட்டெல்ஹைம் எழுதிய நூல், நாஜி வதைமுகாம் கைதிகளின் நிலையோடு இந்தக் குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டது. அந்த ஒப்பீட்டில் தாய்க்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதை உடைத்ததிலும் தாய்மாரும் தந்தையரும் முன்னால் நின்றார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் இந்தக் கோட்பாட்டை எதிர்த்து நூல் எழுதினார். லண்டனில் மனநல மருத்துவரும், ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங் மற்ற பெற்றோரோடு சேர்ந்து 1962இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஆட்டிசத்தைப் பல நிறமுள்ள ஒரு வரிசையாகப் பார்க்க நமக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். நம் நாட்டில் ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பருவா 1991இல் டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். 1995இன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது வந்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்றாக முழு இடம் பெற்றது.

ஃபிரிட்ஜ் அம்மா இறந்துவிட்டாளா? கொங்குநாட்டில் அவள் இப்போது “செல்போன் அம்மா”. “அழுதா போனைக் குடுத்தே பழக்கிட்டா” என்ற குற்றச்சாட்டு எத்தனை வீடுகளில் கேட்கிறது! கைக்குழந்தைக்குத் திரை நல்லதில்லை. பேசவும் விளையாடவும் வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும். ஆனால் ஆட்டிசத்தின் வேர் குழந்தை பிறப்பதற்கு முன்பே தொடங்குவது. இயல்பாகவே முகங்களை விடத் திரையை விரும்பும் குழந்தை திரையிடம் அமைதியாகும். அதைப் பார்த்து, திரைதான் குழந்தையை அப்படி ஆக்கியது என்று காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறோம். வேலைக்குப் போனது, சிசேரியன் செய்துகொண்டது, கர்ப்பத்தில் அழுதது என்று பட்டியல் நீள்கிறது. தடுப்பூசியும் அதில் சேரும். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய அந்தக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊசி போடக் கூட்டிப்போனவள் என்ற பழி மட்டும் தாயிடமே தங்கிவிட்டது.

“எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லை” என்ற வாக்கியம் எல்லாவற்றையும் விடக் கூர்மையானது. சீர்வரிசையோடு சேர்த்து நோயையும் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் போல அவளை நிறுத்திவிடும். மரபணு தகப்பன் வழியாகவும் வரும் என்பதை அந்த நேரத்தில் சொல்ல ஆள் இருக்காது.

மூன்று வகைக் கவலை

அமெரிக்கத் தத்துவவாதி சாரா ரட்டிக் 1989இல் வெளிவந்த தன் நூலில் தாய்மையை உணர்ச்சியாக மட்டும் பார்க்காமல் சிந்தனையாகப் பார்த்தார். குழந்தையைக் காப்பாற்றுவது, அதை வளரவிடுவது, சமூகம் ஏற்கும்படி உருவாக்குவது என்று மூன்று கோரிக்கைகள் தாயின் முன் நிற்கின்றன என்றார். மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அவற்றுக்கு இடையில் முடிவெடுப்பதற்குத்தான் தாய் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் கவலையையும் இந்த மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். குழந்தை ஏன் உண்ண மறுக்கிறது, ஏன் சத்தத்துக்கு இப்படித் துடிக்கிறது என்று தேடுவது முதல் வகை. எப்படிப் பேசினால் இவளுக்கு எட்டும், இவள் எதை ரசிக்கிறாள் என்று கேட்பது இரண்டாம் வகை. “கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க, இவளுக்குப் பின்னாடி இருக்கற பொண்ணுக்கு இடம் அமையுமா” என்பது மூன்றாம் வகை. மூன்றாவது தாயிடமிருந்து பிறப்பதில்லை. அது அவள் காதில் ஊற்றப்படுவது. ஆனால் பல வீடுகளில் அதுவே முதல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. பரிசோதனைக்குப் போனால் வெளியில் தெரிந்துவிடும் என்பதற்காகவே ஒன்றிரண்டு வருடங்கள் கழிந்துவிடுகின்றன.

குழந்தையின் பக்கத்திலிருந்து வரும் குரல் இங்கே முக்கியம். ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர், 1993இல் கனடாவில் நடந்த மாநாட்டில் பெற்றோரை நோக்கிப் பேசியது இன்றும் விவாதிக்கப்படுகிறது. எங்களுக்காக அழாதீர்கள் என்பதே அதன் சாரம். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்ற துக்கம் உங்களுடையது. அந்தத் துக்கத்தைக் கண்ணெதிரே இருக்கும் குழந்தையின் தலையில் வைக்காதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். நம் மொழியும் இதில் கைசுத்தமாக இல்லை. அரசு ஆவணங்களில் “புற உலகச் சிந்தனையற்றோர்” என்கிறோம், பத்திரிகைகளில் “மதியிறுக்கம்” என்கிறோம். சிந்தனை இல்லை, மதி இறுகிவிட்டது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, பிறகு அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்ளத் தாயிடம் சொல்கிறோம். பெற்றோர் சங்கங்களில் வெறுமனே “ஆட்டிசம்” என்று சொல்லும் தாய்மார் மொழிப்பற்று இல்லாதவர்கள் அல்லர்.

அப்படியானால் கவலை துரோகமா என்ற கேள்விக்கு என் பதில் இது. குழந்தைக்கு என்ன தேவை என்று கேட்கும் கவலை துரோகம் ஆகாது. குழந்தை இப்படி இருக்கிறது என்று காண்பது அதைக் குறை சொல்வதும் ஆகாது. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஒரு தொடக்கப்பள்ளிக்கு ஒன்றிரண்டு பேராவது இருக்கும் குழந்தைகள் இவர்கள். “ஒண்ணுமில்ல” என்று சொல்லும் வாய், இந்தக் குழந்தைகள் இருக்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆட்டிசம் என்ற சொல்லைக் காதில் வாங்கவே அஞ்சும் வீட்டை விட, அதைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு தரையில் உட்காரும் தாய்தான் குழந்தைக்கு விசுவாசமானவள்.

பார்ப்பதும் பரிசோதிப்பதும்

இந்தப் பதிலில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம்பிக் கேட்க யாரும் இல்லாத தாய், ஆதாரம் சேர்க்கத் தொடங்குகிறாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரும்பியதையும் திரும்பாததையும் எண்ணுகிறாள். போனில் வீடியோ எடுத்து நள்ளிரவில் மற்றக் குழந்தைகளின் வீடியோவோடு ஒப்பிடுகிறாள். அவள் கூப்பிடுவது குழந்தைக்குப் பரீட்சையாக மாறிவிடுகிறது. நாளெல்லாம் பரீட்சை நடக்கும் வீட்டில் குழந்தைக்கும் ஓய்வு இல்லை, தாய்க்கும் ஓய்வு இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, 2021இல் வெளிவந்த தன் ஆய்வில், இதே வீடியோவை வேறு விதமாகப் பயன்படுத்தியது. தொடக்க அறிகுறிகள் தெரிந்த, 9 முதல் 14 மாதம் வரையிலான சுமார் நூறு குழந்தைகள். ஒரு பாதிப்பேரின் வீட்டில், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டினார்கள். குழந்தை செய்யாததை எண்ணச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே என்ன சொல்ல வருகிறது, எந்த அசைவில் உங்களை அழைக்கிறது என்று தேடச் சொன்னார்கள். குழந்தையை மாற்றுவதற்கு முன் பெரியவர்களின் பதிலை மாற்றினார்கள். மூன்று வயதில் அந்தக் குழுவில் ஆட்டிசத்தின் வரையறைக்குள் வந்த குழந்தைகள் மற்றப் பாதியை விடக் குறைவாக இருந்தார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதில் இருக்கும் அறத்தை எடுத்துக்கொள்ளலாம். மூடியைச் சுற்றும் குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு மூடியைச் சுற்றிப் பார்க்கலாம். ஒருவேளை அது தலை தூக்கி நம்மைப் பார்க்கும். பெயர் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. ஆட்டிசம் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் வீணாகாத வேலை.

யார் பகிர்ந்துகொள்வது

இதையும் தாயே செய்ய வேண்டும் என்றால், பழியிலிருந்து விடுவித்து வேலையில் மாட்டிவிட்டதாகத்தான் ஆகும். பெரும்பாலான சிகிச்சை மையங்களில் “வீட்டில் செய்ய வேண்டியவை” என்று தரும் காகிதம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

2017இல் திருத்திய மகப்பேறு சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணில் எத்தனை பேருக்கு அந்த 26 வாரமாவது கிடைக்கிறது? கிடைத்தாலும் ஆறாம் மாதம் முடிகிறது. பெயருக்குத் திரும்புவதும் கைகாட்டுவதும் விரல் சுட்டுவதும் வர வேண்டிய மாதங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அப்போது குழந்தை அம்மாயியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும். தாய் ஷிப்டில் இருப்பாள். “நாள் முழுக்க கூடவே இருந்தவ” என்ற குற்றச்சாட்டு பல வீடுகளில் நடப்பிலேயே பொய்.

அரசின் கண்ணும் அந்த மாதங்களில்தான் மூடியிருக்கிறது. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்துக்குப் பிறகு அடுத்த ஊசி 16 மாதத்துக்கு மேல். குழந்தையைச் சுகாதாரப் பணியாளர் வழக்கமாகப் பார்க்க வாய்ப்புள்ள இரண்டு நாட்களுக்கு நடுவே, பிள்ளைத்தமிழின் முத்தமும் வருகையும் அம்புலியும் கடந்துவிடுகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் நல்லது. ஆனால் அங்கன்வாடியில் உட்கார்ந்திருப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள். ஒரு வயதுக் குழந்தைக்கு வீட்டுக்குச் சத்துமாவுதான் வருகிறது.

கோவையில் இதற்கான படிப்பு இல்லாமல் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். நகரத்தில் தனியார் தெரபி மையங்களும் இருக்கின்றன. ஆனால் வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும், தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையையும் இறங்கி வாரம் இரண்டு முறை குழந்தையோடு பேருந்தில் வரப்போவது யார்? ஒரு நாள் கூலியை இழப்பது யார்? “அவரு வேலைக்குப் போகணுமில்லைங்க” என்ற பதில் தயாராக இருக்கிறது. அவளும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஆகவே கேட்க வேண்டியவை சின்னச் சின்னதாக இருந்தாலும் திட்டமாக இருக்க வேண்டும். 12 மாதத்தில் ஒரு வளர்ச்சிப் பரிசோதனை, ஊசி இல்லாவிட்டாலும். தாய்-சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படங்கள் அச்சிட்டிருக்கின்றன. அவற்றைப் பிரசவ வார்டிலேயே தகப்பனுக்கும் பாட்டிக்கும் விளக்குவது. சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு, தாய்க்கும் தகப்பனுக்கும் சமமாகச் சம்பளத்தோடு விடுப்பு. வீட்டுப் பயிற்சிக் காகிதத்தில் “அம்மா” என்று அச்சடித்திருக்கும் இடத்தில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுவது. ஆஸ்பத்திரியில் தகப்பன் குழந்தையோடு தனியாக வந்தால் “அம்மா வரலைங்களா?” என்று கேட்பதை நிறுத்துவது.

இதில் எதுவும் நடக்கும்வரை, ஒரு பெண் நம்மிடம் வந்து “பாப்பா கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குதுங்க்கா” என்று சொன்னால், நாம் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆறுதல் சொல்லவும் வேண்டாம், பெயர் வைக்கவும் வேண்டாம். “நீ என்ன பாத்தே, மொதல்ல இருந்து சொல்லு கண்ணு” என்று உட்காரலாம். அவள் சொல்லி முடித்தபின், காதுப் பரிசோதனைக்கு அவளோடு யார் போகப்போகிறார்கள் என்று அந்த வீட்டு ஆண்களைக் கேட்கலாம்.